'குடல் ஈஸ்ட் சுத்தம்' பேக்கேஜ்: ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கும்பகோணம் பக்கம் ஒரு தெரபி மையத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று மூன்று மாத 'குடல் சுத்தம்' பேக்கேஜ் கொடுக்கிறார்கள், விலை 14,500 ரூபாய். என் மகனுக்காக நானும் வாங்கினேன். மையத்தின் பெயரை நான் போடப் போவதில்லை. மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கத்து அம்மாக்களிடம் பேசினால் பெட்டியின் நிறம்தான் மாறுகிறது, பேச்சு அதேதான்: "உங்க பிள்ளை குடல்ல ஈஸ்ட் வளந்து கிடக்கு, அதைச் சுத்தம் பண்ணிட்டா பேச்சு வந்துடும், கத்தல் நின்னுடும்." (ஈஸ்ட் என்பது ஒரு வகைப் பூஞ்சை.)

பெட்டிக்குள் இருப்பது இதுதான். புரோபயாட்டிக் பொடி (குடலுக்கு நல்லது என்று கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர்கள்), கேப்ரிலிக் அமிலக் கேப்சூல் (தேங்காய் எண்ணெயில் இருக்கிற கொழுப்பு அமிலம்), ஒரு மூலிகைச் சொட்டு மருந்து, அப்புறம் லேமினேட் செய்த உணவுப் பட்டியல்.

முதலில் அவர்கள் எடுக்கும் டெஸ்ட். காலையில் பல் தேய்க்கும் முன் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பச் சொல்கிறார்கள். என் மகனுக்குச் சொன்னதும் துப்பத் தெரியாது, அதனால் பஞ்சில் ஒற்றி எடுத்துத் தண்ணீரில் பிழிந்தோம். எச்சில் நூல் நூலாகக் கீழே இறங்கினால் ஈஸ்ட் அதிகமாம். இறங்கியது. வீட்டுக்கு வந்து அத்தை, என் கொழுந்தன், நான் எல்லோரும் மறுநாள் அதேபோல் செய்து பார்த்தோம், எல்லோருடையதும் நூலாகத்தான் இறங்கியது. எச்சிலில் மியூசின் என்று ஒரு வழவழப்பான பொருள் இருக்கிறது, தூங்கி எழுந்ததும் யாருடைய எச்சிலும் கெட்டியாக இருக்கும், நூல் விடும். ஈஸ்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கேண்டிடா என்கிற ஈஸ்ட் ஆரோக்கியமான பலருடைய வாயிலும் குடலிலும் சாதாரணமாகவே இருப்பது. மலத்தை டெஸ்ட் செய்து 'இருக்கிறது' என்று வந்தாலே நோய் என்று அர்த்தம் இல்லை. நிஜமாகவே அது தொந்தரவு கொடுக்கும்போது, வாய்க்குள் தயிர் ஒட்டிய மாதிரி வெள்ளைத் திட்டு, டயப்பர் இடத்தில் சிவந்த புண் என்று கண்ணுக்குத் தெரியும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகு, எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்கு வரும். குழந்தை டாக்டர் பார்த்தாலே சொல்லிவிடுவார், மருந்தும் இருக்கிறது. உடம்பு முழுக்கப் பிரச்சினைக்குக் காரணம் மறைந்திருக்கும் ஈஸ்ட்தான் என்ற பேச்சு புதிதல்ல, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 1986-லேயே அதற்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டுவிட்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடலில் கேண்டிடா கொஞ்சம் அதிகம் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அதைக் கொன்றால் பேச்சு வரும் என்று எந்த நல்ல ஆய்வும் காட்டவில்லை. 2021-ல் ஆஸ்திரேலியாவில் வந்த ஒரு ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது: இந்தப் பிள்ளைகள் சில உணவை மட்டுமே சாப்பிடுவதால்தான் குடலில் இருக்கும் நுண்ணுயிர்களின் வகை குறைகிறது. அதாவது காரணம் எது, விளைவு எது என்பதே தலைகீழாக இருக்கலாம்.

சாப்பாட்டுப் பட்டியலில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. சர்க்கரை வேண்டாம், பாக்கெட் ஜூஸ் வேண்டாம், சரி, நல்லதுதான். அடுத்த வரியில் பால் இல்லை, தயிர் இல்லை, கோதுமை இல்லை, வாழைப்பழம் இல்லை, புளித்த மாவு என்பதால் இட்லி தோசையும் இல்லை. என் மகன் விரும்பிச் சாப்பிடுவதே இட்லி, தயிர் சாதம், பூவன் பழம், சுட்ட அப்பளம். அதிலும் இட்லி ஓரம் காய்ந்திருந்தால் தொட மாட்டான். இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் தட்டில் அப்பளம்தான் மிச்சம். இட்லி மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாதான், ஈஸ்ட்டுக்கு அதில் சின்னப் பங்குதான், அதுவும் ஆவியில் வெந்ததும் செத்துப்போகிறது. பால் நிறுத்திய ஆட்டிசப் பிள்ளைகளின் எலும்பு மெலிந்திருப்பதை 2008-லேயே ஒரு ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே நாலு வகை சாப்பிடும் பிள்ளையிடமிருந்து மூன்றைப் பிடுங்குவது வைத்தியமே இல்லை. என் வீட்டில் அதை நான் செய்யவில்லை. சர்க்கரையைக் குறைத்தேன், பொடியைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பொடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது 'சாக்கரோமைசிஸ் பவுலார்டி'. இதுவே ஒரு ஈஸ்ட்தான், 1920-களில் ஆன்ரி பவுலார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இந்தோசீனாவில் பழத்தோலிலிருந்து பிரித்தெடுத்தது. ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க நன்றாகவே உதவும், அதற்கு ஆதாரம் இருக்கிறது, எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். ஆட்டிசத்துக்கு மருந்து இல்லை.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. பிள்ளை அதிகம் அழுதால், தூங்காவிட்டால், வயிறு கடகடத்தால் "ஈஸ்ட் சாகுதும்மா, அப்படித்தான் இருக்கும், நிறுத்திடாதீங்க" என்கிறார்கள். தொந்தரவு குறைந்தால் மருந்து வேலை செய்கிறது, கூடினாலும் வேலை செய்கிறது! வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளையின் வலியை இப்படி ஒரு வார்த்தையில் மூடிவிட்டால் அவன் யாரிடம் போய்ச் சொல்லுவான்? அடுத்த கட்டமாகப் பூஞ்சையைக் கொல்லும் ஃபுளூகோனசோல் மாத்திரை பற்றியும் பேச்சு வந்தது. அதை டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது. கல்லீரலைப் பாதிக்கலாம், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமசெப்பின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், நம் பிள்ளைகளில் பலர் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

வயிற்றுத் தொந்தரவு மட்டும் பொய்யில்லை. 2014-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வயிறு, குடல் பிரச்சினை இருக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட நான்கு மடங்குக்கும் மேல் என்று வந்தது, அதில் மலச்சிக்கல் பெரிய பங்கு. என் மகன் திண்ணை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு குப்புறக் கிடப்பான். மையத்தில் அதை ஆட்டிசப் பழக்கம் என்றார்கள். அவ்வப்போது நீராக மலம் கசிந்ததை ஈஸ்ட் பேதி என்றார்கள். தஞ்சாவூரில் குழந்தை டாக்டரிடம் போனபோது அவர் சட்டையைத் தூக்கி இடப்பக்க அடிவயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். "கடைசியா நல்லா வெளிக்குப் போனது எப்பம்மா?" என்று கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். உள்ளே களிமண் உருண்டை மாதிரி தட்டுப்பட்டது. கெட்டிப்பட்ட மலம் அடைத்துக் கிடக்க, அதைச் சுற்றி நீர் மலம் கசிந்திருக்கிறது. பேதி என்று நினைத்து நிறுத்தும் மருந்து கொடுத்தால் இன்னும் அடைக்கும் என்றார். மலத்தை இளக்கும் பொடி ஒன்று எழுதிக் கொடுத்தார், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கழிப்பறையில் உட்கார வைக்கச் சொன்னார், வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு முக்காலி போடச் சொன்னார். செலவு பேக்கேஜ் விலையில் சொற்பப் பங்குதான். திண்ணையில் வயிற்றை அழுத்துவது நின்றது, இரவில் தூங்குகிறான். பேச்சு வரவில்லை, வரும் என்று அந்த டாக்டர் சொல்லவும் இல்லை.

மையத்துக்கு ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த ஒன்று ஏன் என்றால், அங்கிருந்த அம்மா நிதானமாக முழுக்கதையும் கேட்டார், கூட்டமான ஓ.பி.யில் அது கிடைப்பதில்லை, நம் பெற்றோர்கள் அங்கே போவதற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு மாற்றாக, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்ட அளவில் 18 வயது வரை குழந்தைகளுக்கான இலவச இடையீட்டு மையம் இருக்கிறது, தெரபியுடன் குழந்தை டாக்டரும் பார்ப்பார். ஆட்டிசத்துக்கு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஓ.பி. செலவும் அதில் வரும், இன்னும் எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள்.

பிரிக்காத பெட்டிகளைத் திரும்பக் கொடுத்துப் பணம் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். பாதி விலைக்குத் தருவீர்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள், தரவில்லை. முதலில் பிள்ளையின் வயிற்றை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று அந்த டாக்டரின் விலாசத்தைக் கொடுத்து அனுப்பினேன்.