பறந்த 200 மணி நேரம் கையில இருக்கு: டைப் ரேட்டிங்கா, இன்ஸ்ட்ரக்டர் வேலையா?

போன வாரம் லீவுல கோத்தகிரி வந்திருந்தேன். பக்கத்துத் தெருத் தம்பி ஒருத்தன், கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கி எட்டு மாசம் ஆச்சு, அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். அந்த அத்தை உக்காந்ததும் கேட்டது ஒரே கேள்வி தான். "கண்ணு, டைப் ரேட்டிங்னு இன்னும் 18 லட்சம் கட்டினா வேலை கெடைச்சிடும்ங்கறானே, கட்டலாமா?"

அவங்களுக்கும் எங்களுக்கும் தேயிலை தான். 18 லட்சம்னா, பச்சை இலை கிலோ 20 ரூபானு வச்சாலே 90,000 கிலோ. அதுல பறிக்கிற கூலி, உரம், வண்டி வாடகை எல்லாம் போகணும். இந்தக் கணக்கு தெரிஞ்ச வீட்டுல உக்காந்து "கட்டுங்க அத்தை"னு சும்மா சொல்லிட முடியாது. மூணு வருஷம் முன்னாடி நானும் இதே இடத்துல நின்னவ, நான் ஃப்ளையிங் ஸ்கூல்ல கத்துக்குடுக்கற இன்ஸ்ட்ரக்டர் பக்கம் போனேன். அதனால என் சாய்வு எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிடறேன்.

மத்த வழிகளைச் சுருக்கமா சொல்லிடறேன். ஏர்லைனோட சேர்ந்த கேடட் புரோகிராம் ட்ரெயினிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ண வேண்டியது, லைசென்ஸ் வாங்கினவங்களுக்குப் பெரும்பாலும் உதவாது. விமானத்தை வாடகைக்கு ஓட்டற சார்ட்டர் கம்பெனிகள்ல நான் வேலை பார்த்ததில்ல, அங்க இருக்கற ரெண்டு ஃப்ரெண்ட்ஸுக்கும் தெரிஞ்சவங்க மூலமாத் தான் வேலை வந்துச்சு, அதைத் தாண்டி நான் பேசினா தப்பாயிடும். ஏர்போர்ட்ல கிரவுண்ட் வேலைக்குப் போய்க்கிட்டே காத்திருக்கறதும் மரியாதையான வழி தான், ஆனா பறக்கற வேலை இல்ல.

இப்ப டைப் ரேட்டிங். லைசென்ஸ் இருந்தா மட்டும் ஏர்பஸ் 320ஓ போயிங் 737ஓ ஓட்ட முடியாது, அந்த விமானத்துக்குனு தனியா படிச்சு, சிமுலேட்டர்ல, அதாவது நிஜ காக்பிட் மாதிரியே இருக்கற மெஷின்ல, செக்குங்கற டெஸ்ட் குடுக்கணும். ஏர்லைன் நம்மளை வேலைக்கு எடுத்துக்கிட்டு அதைப் பண்ண வைக்கறது ஒண்ணு, நம்ம காசைப் போட்டு முன்னாடியே பண்ணி வச்சுக்கிட்டு வேலை தேடறது இன்னொண்ணு. தம்பி கேட்டது ரெண்டாவது. இதுல நல்லது என்னனா, ஏர்லைன் டைப் ரேட்டிங் இருக்கறவங்க தான் வேணும்னு ஆள் எடுக்கறப்ப நேரா உள்ள போகலாம். ஏர்லைன்ல சேர்ந்த தேதி தான் சீனியாரிட்டி, ரெண்டு வருஷம் முன்னாடி சேர்ந்தவன் ரெண்டு வருஷம் முன்னாடி கேப்டன் வரிசைக்கு வருவான். இந்தியாவுல 200 மணி நேரத்துலயே ஏர்லைன் கோ-பைலட் ஆகலாம், அமெரிக்கா மாதிரி பொதுவா 1,500 மணி நேரம் சேர்த்துக்கிட்டு வரணும்னு கட்டாயம் இல்ல. அதனால தான் இங்க நெறைய பேர் இன்ஸ்ட்ரக்டர் வேலையை டைம் வேஸ்ட்ங்கறாங்க. ஆர்டரும் பெருசா தான் போட்டிருக்காங்க, 2023ல ஏர் இந்தியா 470 விமானம், அதே வருஷம் இண்டிகோ 500.

ஆனா ஆர்டர் போட்ட விமானம் வந்து சேர வருஷக்கணக்காகும். அதே 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட் ஏர்லைன் நின்னப்ப என்ன ஆச்சுனு பாருங்க. அங்க ஓடினது முழுக்க ஏர்பஸ் 320 ரகம். டைப் ரேட்டிங்கும் அனுபவமும் இருக்கறவங்க ஒரே நேரத்துல வேலை தேட வெளிய வந்துட்டாங்க. அந்த மாசம் சொந்தக் காசுல டைப் ரேட்டிங் முடிச்ச 200 மணி நேரப் பையன் யார் பின்னாடி நின்னிருப்பான்?

சரி, எனக்கு முடிவு பண்ணித் தந்த விஷயத்துக்கு வரேன். கரன்சி. பணத்தைச் சொல்லல, பறக்கற கை காயாம வச்சிருக்கறது. இதை லைசென்ஸ் வாங்கற வரைக்கும் யாரும் உக்கார வச்சு சொல்றதில்ல. பைலட்டுக்கு வேண்டிய கிளாஸ் 1 மெடிக்கல் சர்டிஃபிகேட் எங்க வயசுக்கு 12 மாசம் தான். வெளிய எதுவும் தெரியாதப்ப மீட்டரைப் பார்த்தே ஓட்டறதுக்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை வருஷா வருஷம் டெஸ்ட் குடுத்துப் புதுப்பிக்கணும். பயணிகளை ஏத்தணும்னா கடைசி 90 நாள்ல மூணு டேக்ஆஃப், மூணு லேண்டிங் இருக்கணும். வீட்டுல உக்காந்திருந்தா இது ஒவ்வொண்ணும் கைக்காசு. நான் காத்திருந்த பதினோரு மாசத்துல சிங்கிள் இன்ஜின் மணிக்கு 14,000, ரெண்டு இன்ஜின் இருக்கற ட்வின் அதுக்கு மூணு மடங்கு, அதோட மலை இறங்கி ட்ரெயின் ஏறி வெளியூர்ல ரூம் எடுத்துத் தங்கி, மழைனு ரெண்டு நாள் பறக்காம உக்காந்து, மொத்தமா 2 லட்சத்துக்கு மேல போச்சு. அது முடிஞ்சு, பறந்த மணியை எழுதி வைக்கற லாக்புக்ல ஏறினது ஒன்பது மணி நேரம்.

டைப் ரேட்டிங் எடுத்தா இந்தச் செலவு நிக்காது, அதுக்கு மேல இன்னொண்ணு சேரும். சிம்முக்கும், அதாவது சிமுலேட்டருக்கும், ஒரு செக் தேதி இருக்கு, ஏர்லைன்ல இருக்கறவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கம்பெனி செலவுல நடக்கும், வேலை இல்லாதவங்க யார்கிட்ட போவாங்க? 200 மணி நேரத்துக்காரங்களுக்கு சிம் மட்டும் போதாது, நிஜ விமானத்துல டேக்ஆஃப் லேண்டிங் பண்ற பேஸ் ட்ரெயினிங்கும் வேணும், ஏர்பஸ்ஸை மணி கணக்குல வாடகைக்கு எடுக்கற விஷயமா அது. என்கூடப் படிச்ச ஒருத்தன் டைப் ரேட்டிங் முடிச்சு ஒன்றரை வருஷம் காத்திருந்தான், கடைசில இன்டர்வியூ வந்தப்ப சிம் செக்ல கை நடுங்கிடுச்சு. நல்லா ஓட்டறவன் தான். ஒன்றரை வருஷம் ஓட்டாம இருந்தது தான் காரணம்னு இன்னிக்கும் நம்பறேன்.

இன்ஸ்ட்ரக்டர் வேலைல இந்தக் கணக்கு தலைகீழ். முதல்ல உதவி இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங், எனக்கு 5 லட்சத்துக்குள்ள முடிஞ்சுது, அதுவும் கஷ்டப்பட்டுத் தான் போட்டோம். அதுக்கப்புறம் நான் பறக்கறதுக்கு ஸ்கூல் சம்பளம் தருது. காலைல ஆறு மணிக்கு, ட்ரெயினிங்குக்கு ஓட்டற சின்ன விமானம் செஸ்னா 172 ரெக்கைக்கு அடியில நின்னு, சின்ன கப்ல பெட்ரோலைப் பிடிச்சு வெளிச்சத்துல காட்டுவேன், நீலமா இருக்கா, அடியில தண்ணி முத்து உருளுதானு ஸ்டூடன்ட்டே பார்த்துச் சொல்லணும். அப்புறம் சர்க்யூட், ஏறி ரன்வேயைச் சுத்தி வந்து இறங்கறது. ரன்வேக்கு மேல பதினஞ்சு அடில ஸ்டூடன்ட் பயந்துபோய் கன்ட்ரோலைப் படக்குனு இழுப்பான், மூக்கு மேல போகும், ஸ்பீடு கொறையும், சீட்டுல நம்ம உடம்பு லேசாகறது முதல்ல தெரியும். எப்ப அவனே சரி பண்ணட்டும்னு விடறது, எப்ப "ஐ ஹேவ் கன்ட்ரோல்"னு சொல்லி நானே வாங்கிக்கறது, இந்த முடிவை ஒரு நாளைக்கு இருபது தடவை எடுத்தேன். 200 மணி நேரத்துல எனக்கு லேண்டிங் பண்ணத் தெரியும். 800 தாண்டினப்புறம் தான் லேண்டிங் ஏன் கெடுதுனு புரிஞ்சுது.

இன்னொண்ணு, வானிலை. 2021 டிசம்பர் 8 குன்னூர் பக்கம் நடந்த ஹெலிகாப்டர் விபத்தை நம்ம ஊர்ல யாரும் மறக்கல. வானிலை திடீர்னு மாறி மேகத்துக்குள்ள போனதுல விமானிக்குத் திசை உணர்வு தப்பினது தான் காரணம்னு விசாரணைல வந்துச்சு. கட்டபெட்டு ரோட்டுல பத்து நிமிஷத்துல மஞ்சு ஏறி எதிர்ல வர்ற பஸ் மறையறதைப் பார்த்து வளர்ந்தவ நான். அப்படி இருந்தும், திரும்பிடலாம்னு சொல்ற தைரியம் வந்தது பக்கத்துல ஒரு ஸ்டூடன்ட் உயிர் இருக்குங்கற பொறுப்புலதான்.

கஷ்டத்தையும் சொல்லணும். நான் முதல்ல சேர்ந்த ஸ்கூல்ல ஆரம்ப சம்பளம் 45,000, அதுவும் ஒரு தடவை ரெண்டு மாசம் இழுத்தடிச்சாங்க. மழைக்காலத்துல பறக்கற மணி பாதியாயிடும். உதவி இன்ஸ்ட்ரக்டரா இருக்கறப்ப சீனியர் மேற்பார்வைல தான் எல்லாம், ஸ்டூடன்ட்டைத் தனியா பறக்கற முதல் சோலோவுக்கு அனுப்பற முடிவு நம்மளுது இல்ல. சிங்கிள் இன்ஜின்லயே பறக்கறதால மல்டி இன்ஜின் இன்ஸ்ட்ருமென்ட் செக்கைத் தனியா கவனிக்கணும், அதுக்கு ஸ்கூல் உதவுமானு சேர்றப்பவே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, நான் கேக்காம விட்டுட்டேன். ஏர்லைன் சிம்ல இந்த அனுபவம் எவ்வளவு கை குடுக்கும்னு, உள்ள போயிட்டு வந்தப்புறம் தான் நான் உறுதியா சொல்ல முடியும். என் இன்டர்வியூ அடுத்த மாசம்.

கையில ஆஃபர் லெட்டர் இருந்து, அதுக்காக டைப் ரேட்டிங் கேட்டா யோசிக்காம போங்க, சீனியாரிட்டி முக்கியம். லெட்டர் இல்லாம, வேலை வந்துடும்ங்கற நம்பிக்கைல மட்டும் தோட்டத்தை அடமானம் வைக்கறதா இருந்தா வேண்டாம்.

தம்பியோட லைசென்ஸை வாங்கிப் பார்த்தேன். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் முடிய நாலு மாசம் தான் இருக்கு. "முதல்ல இதைப் புதுப்பி, அப்பவே இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸுக்கு விசாரி"ன்னேன். அத்தை அந்தத் தேதியை ஃபோன்ல குறிச்சு வச்சுக்கிட்டாங்க. "சரி கண்ணு, 5 லட்சத்துக்கு நான் பார்த்துக்கறேன்"னாங்க.