ஃபிரிட்ஜோட பழைய கூலிங் யூனிட்டுக்குப் பெயின்ட் அடிச்சு, புதுசுன்னு 1,850 டாலர் வாங்கிட்டாங்க. ஆர்.வி. (வீடு மாதிரி தங்கற வண்டி) வச்சிருக்கிறவங்க படிங்க

ரிப்பேர் பண்ணின கடைக்குப் போன் போட்டு, ஹோல்ட்ல காத்திருந்துக்கிட்டே இதை எழுதறேன். 1,850 டாலர் போச்சு. பணத்தை விடுங்க, வண்டிக்குள்ள என் பிள்ளைங்க தூங்கிட்டிருந்தாங்க. என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

நாங்க இருக்கிறது அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ். எங்க பழைய மோட்டார்ஹோம்ல இருக்கிறது கேஸ் ஃபிரிட்ஜ். கம்ப்ரெசர் கிடையாது. பின்னாடி இருக்கிற பாய்லரை புரொப்பேன் சுடரோ கரன்ட்டோ சூடாக்கும். குழாய்க்குள்ள அம்மோனியா, தண்ணி, ஹைட்ரஜன் மூணும் சுத்தி வந்து குளிர வைக்கும். இந்த பாய்லர், குழாய் எல்லாம் சேர்ந்ததுதான் கூலிங் யூனிட். வண்டி சாஞ்சு நின்னா திரவம் பாய்லருக்குத் திரும்பாது. பாய்லர் வறண்டு கொதிக்கும். துரு பிடிக்காம இருக்கக் கலந்திருக்கிற சோடியம் குரோமேட் கட்டியாகிக் குழாயை அடைக்கும். அப்புறம் குழாய் விரிசல் விட்டா, கசியற ஹைட்ரஜன் அந்தச் சுடர்லயே பத்திக்கும். இதுக்காகவே அமெரிக்காவுல பெரிய ரீகால்கள் (குறையுள்ளதைக் கம்பெனியே திரும்ப அழைச்சு சரி பண்றது) நடந்திருக்கு.

எங்க டிரைவ்வே சரிவு. அங்கேயே வாரக்கணக்கா ஓட விட்டது என் தப்புதான். அது தெரிஞ்சு பயந்துதான் கடைக்கே போனேன்.

ஆர்.வி. ரிப்பேர் மட்டும் செய்யற இடம். வாட்ஸ்அப் குரூப்ல ஒரு தம்பி "தைரியமா விடுங்கண்ணா"ன்னு சொன்னான். கவுன்ட்டர்ல ஒரு பெரியவர். காப்பி கொடுத்து, பிள்ளைங்க என்ன படிக்கிறாங்கன்னு கேட்டார். கூலிங் யூனிட் முழுசா புதுசு, சூடு மீறினா தானா அணைக்கிற சென்சாரும் சேர்த்து 1,850ன்னார். நாலு நாள் கழிச்சுப் போனப்போ, வெளிப்பக்க மூடியைக் கழட்டி டார்ச் அடிச்சுக் காட்டினார். குழாயெல்லாம் பளபளன்னு கறுப்பு, சுடர் நல்ல நீலம். என் பொண்ணு வண்டின்னு நினைச்சு செஞ்சிருக்கேன்னு தோள்ல தட்டினார். அந்தத் தட்டுலதான் விழுந்தேன். பழைய யூனிட் எங்கேன்னு கேட்டேன். காயலான் கடைக்குப் போயாச்சுன்னார். நானும் மாடு மாதிரி தலையாட்டினேன்.

அப்புறம் மலை ஊரான ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் கேம்ப். ரெண்டாவது ராத்திரி 3 மணிக்கு மூக்கைப் பிச்சுக்கிற நெடி. அம்மோனியா! பிள்ளைகளைப் போர்வையோட அள்ளிக்கிட்டு வெளியில ஓடினோம். பக்கத்து வண்டிக்காரர் ஓடி வந்து கேஸ் வால்வை மூடினார். ரிட்டயரான மெக்கானிக்காம். காலையில மூடியைத் திறந்து ஸ்க்ரூடிரைவரால மெதுவா சுரண்டினார். கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில மஞ்சள் பொடி. குரோமேட் கசிஞ்ச கறை. அதே பழைய யூனிட்! சென்சார் இருந்துச்சு, ஆனா அதுக்குப் போற ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்தியிருந்தாங்க. எவ்வளவு சூடானாலும் அணையாது.

கடைக்குப் போன் பண்ணினா, ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடி உயரம், அங்கே சுடர் அப்படித்தான்னாங்க. உயரத்துக்குப் போனா ஒயர் தானா முறுக்கிக்குமாய்யா? ரெண்டாவது தடவை, நீங்க சாய்வா நிறுத்தியிருப்பீங்கன்னாங்க. (கீழே பலகை வச்சு லெவல் பார்த்தது என் மனைவி. அவ கோபம் தனி.) போட்டோ அனுப்பினேன், மேனேஜர் லீவுன்னாங்க. அடுத்து, வாரன்ட்டி கூலிக்கு மட்டும்தானாம், அதுவும் 30 நாள். பில்லுல பொடி எழுத்துல இருக்கு. 1,850 டாலர் பில்லு!

சரி, சுருக்கமா சொல்லிடறேன். மாத்தினோம்னு சொன்னா பழைய யூனிட்டைக் கண்ணால பாருங்க, புதுசோட சீரியல் நம்பரைப் போட்டோ எடுங்க. சாய்வுல நிறுத்தினா ஃபிரிட்ஜை அணைங்க. வெளி மூடிக்குள்ள துருவும் குளவிக்கூடும் சேரும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுத்தம் பண்ணச் சொல்லுங்க. மஞ்சள் கறையோ அம்மோனியா நெடியோ வந்தா கேஸ், கரன்ட் ரெண்டையும் நிறுத்துங்க, திரும்பப் போடாதீங்க. மாடல் நம்பரை வச்சு ரீகால் இருக்கான்னு என்.எச்.டி.எஸ்.ஏ. (அமெரிக்க அரசோட வாகனப் பாதுகாப்பு அமைப்பு) தளத்துல தேடுங்க.

இன்னும் நிறைய இருக்கு, இப்போ எழுத முடியலை. ஹோல்ட் பாட்டு நின்னுடுச்சு. எடுக்கப் போறாங்கன்னு பார்த்தா, லைனைக் கட் பண்ணிட்டாங்க.