249 கிராம், 11 கிலோவாட்: சின்ன பைக்குக்கும் சின்ன ட்ரோனுக்கும் யார் போட்ட கோடு சரி?

"என்னிடம் ஏ1 உரிமம் இருக்கிறது" என்று ஐரோப்பாவில் ஒருவர் சொன்னால், எந்த ஏ1 என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். 125 சிசி பைக் ஓட்டும் உரிமத்துக்கு அங்கே ஏ1 என்று பெயர். சிறிய ட்ரோனை ஆட்களுக்கு அருகே பறக்கவிடும் பிரிவுக்கும் ஏ1 என்றே பெயர். அடுத்த படியான ஏ2வும் இரண்டு பக்கமும் உண்டு. சாலையைக் கவனிப்பவர்களும் வானத்தைக் கவனிப்பவர்களும் பெயர் வைக்கும்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

இந்தியாவில் அந்தக் குழப்பம் இல்லை. இங்கே இருப்பது வேறு வகைக் குழப்பம். பைக், ட்ரோன் இரண்டுக்கும் இந்திய விதியையும் ஐரோப்பிய ஒன்றிய விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆபத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. அளவுகோல் எதுவோ, கம்பெனிகள் அதன் விளிம்பில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

பைக்: கியரா, கிலோவாட்டா?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருசக்கர வண்டிக்காரரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: வண்டியில் கியர் இருக்கிறதா, இல்லையா? கியர் இல்லாத மோட்டார்சைக்கிள் ஒரு வகுப்பு, கியர் உள்ளது மற்றொரு வகுப்பு. அவ்வளவுதான். பதினெட்டு வயது ஆனவருக்கு எஞ்சின் எவ்வளவு பெரியது, திறன் எவ்வளவு, வண்டி எவ்வளவு எடை என்பதெல்லாம் உரிமத்தின் கணக்கில் வராது. பதினெட்டு வயது நிரம்பியவர் எல்எல்ஆர் எடுத்து, முப்பது நாள் கழித்து, நண்பனிடம் இரவல் வாங்கிய 100 சிசி வண்டியில் சோதனைக்குப் போய்த் தேறிவிட்டால் போதும். மறுநாள் காலை 1000 சிசி வண்டியில் ஏறி உட்கார்ந்து நெடுஞ்சாலைக்குப் போகலாம். சட்டத்தில் தடையே இல்லை. தடை வண்டியின் விலையில் மட்டும்தான்.

அந்தச் சோதனையையும் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தரையில் எட்டு. முதல் கியரிலேயே கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, கால் ஊன்றாமல் வளைந்து வர வேண்டும். நான் முதல்முறை போனபோது எட்டின் இடுப்பில், இரண்டு வளையமும் சேரும் இடத்தில், இடது கால் தானாகத் தரைக்குப் போய்விட்டது. இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் முறை தேறினேன். நடக்கும் வேகத்தில் வண்டியைச் சாயாமல் வைத்திருக்கத் தெரியும் என்பது அன்றைக்கு நிரூபணமானது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே ஒரு நாய் வந்தால் நிறுத்தத் தெரியுமா என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

ஐரோப்பியத் தேர்வில் அதைத்தான் கேட்கிறார்கள். மெதுவாக ஓட்டும் பயிற்சிகளோடு, குறைந்தது 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து தடையைத் தவிர்த்துக் காட்ட வேண்டும்; அதே வேகத்திலிருந்து அவசரமாக பிரேக் பிடித்தும் காட்ட வேண்டும். பிறகு சாலையிலும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

அதற்கு மேல் அங்கே ஓர் ஏணி வைத்திருக்கிறார்கள். 2013 ஜனவரி 19 முதல் நடைமுறையில் இருக்கும் ஏணி அது. அடிப்படியில் ஏஎம்: 45 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மொபெட்டுகள். அடுத்தது ஏ1: 125 சிசி, 11 கிலோவாட், பொதுவாகப் பதினாறு வயது. பிறகு ஏ2: 35 கிலோவாட், பதினெட்டு வயது. உச்சியில் வெறும் ஏ, எல்லையே இல்லை. அதற்கு ஏ2வில் இரண்டு ஆண்டு ஓட்டிய பிறகு இருபது வயதில் போகலாம், படியேறாமல் நேராக வருபவர் இருபத்து நான்கு வரை காத்திருக்க வேண்டும். சில நாடுகள் இந்த வயதுகளைக் கூட்டியோ குறைத்தோ வைத்திருக்கின்றன.

எனக்குப் பிடித்தது அந்தத் திறன் எல்லையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு கணக்கு. ஏ1 வண்டியில் ஒரு கிலோ எடைக்கு 0.1 கிலோவாட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, ஏ2வில் 0.2. அதாவது 11 கிலோவாட் முழுவதையும் கொடுக்க வேண்டுமென்றால் வண்டி குறைந்தது 110 கிலோ இருந்தாக வேண்டும். எலும்பும் தோலுமாக ஒரு வண்டியைச் செய்து, அதில் முழுத் திறனையும் திணித்து, பதினாறு வயதுப் பையனிடம் கொடுத்துவிட முடியாது. ஏ2வுக்கு இன்னொரு பூட்டும் உண்டு: 35 கிலோவாட்டுக்குக் குறைத்துக் கட்டிய வண்டியின் மூல வடிவம் 70 கிலோவாட்டைத் தாண்டியதாக இருக்கக் கூடாது. பந்தய வண்டியின் குரல்வளையை நெரித்து "இதுவும் ஏ2தான்" என்று விற்கும் தந்திரம் இங்கே அடிபடுகிறது.

கம்பெனிகள் இதற்கு எப்படி இசைந்தன என்பதற்கு ஹோண்டாவின் சிபி500 வரிசை நல்ல சாட்சி. ஏ2 விதி அமலுக்கு வந்த அதே 2013இல் 471 சிசி எஞ்சினோடு வந்தது. திறன் சரியாக 35 கிலோவாட். அந்த அளவு எஞ்சினிலிருந்து இன்னும் கொஞ்சம் கறக்கலாம். கறக்காமல் விட்டார்கள், ஏனென்றால் கோடு அங்கே இருக்கிறது.

ஏணியிலும் குறை உண்டு. படிக்குப் படி பயிற்சி, தேர்வு, கட்டணம். அதனால் குறுக்கு வழிகளும் முளைத்தன. ஜெர்மனியில் 2019இன் கடைசி நாளில் வந்த பி196 என்ற ஏற்பாட்டில், இருபத்தைந்து வயதைத் தாண்டி, ஐந்து ஆண்டாகக் கார் உரிமம் வைத்திருப்பவர், தலா 90 நிமிடம் கொண்ட ஒன்பது வகுப்புகளை முடித்தால் 125 சிசி ஓட்டலாம். தேர்வே கிடையாது. ஜெர்மனியின் எல்லையைத் தாண்டினால் செல்லாது. இத்தாலியில் இன்னும் தாராளம்: கார் உரிமம் இருந்தாலே உள்நாட்டில் 125 சிசி ஓட்டலாம். இந்தியாவில் கார் உரிமத்தைக் காட்டி ஸ்கூட்டர்கூட ஓட்ட முடியாது. இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம்தான் கறார், அதுதான் சரி என்பேன். காரில் இருபது வருடம் ஓட்டியவருக்கும் ஈரச் சாலையில் முன் பிரேக்கை எவ்வளவு பிடிப்பது என்று கை சொல்லித் தராது.

ஆனால் கியர் என்ற அளவுகோலை மின்சார வண்டி உடைத்துவிட்டது. கியர் இல்லாத வண்டி என்றால் சின்ன வண்டி என்று 1988இல் நினைத்ததில் தப்பில்லை. இன்று வரும் பெரும்பாலான மின்சார மோட்டார்சைக்கிள்களில், அவை எத்தனை கிலோவாட்டாக இருந்தாலும், கியர் கிடையாது. சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், ஸ்கூட்டரில் எட்டு போட்டு வாங்கிய கியரில்லா உரிமம் அவற்றுக்கும் போதும். ஐரோப்பிய ஏணிக்கு இந்தத் தொல்லை இல்லை. கிலோவாட் எதில் இருந்தாலும் கிலோவாட்தான்.

பதினாறு வயதுக்காரருக்கு என்ன மிச்சம்?

பதினாறு வயதில் 50 சிசிக்கு மிகாத மோட்டார்சைக்கிளை ஓட்டலாம் என்று நம் சட்டத்திலும் ஒரு சலுகை இருக்கிறது. 1980இல் டிவிஎஸ் 50 வந்து, மொபெட் என்றாலே அந்தப் பெயர்தான் என்று ஆன காலத்துக்கு அது பொருந்தியது. இப்போது பெட்ரோலில் ஓடும் 50 சிசி வண்டியைத் தேடிப் பாருங்கள். அதன் வாரிசான எக்ஸ்எல்100கூட ஏறத்தாழ 100 சிசி. பார்க்கச் சாதுவான மொபெட். சட்டத்துக்கு அது பதினெட்டு வயதுக்காரரின் வண்டி. சலுகை இருக்கிறது, வண்டி இல்லை.

அந்த இடத்தை நிரப்பியவை மெதுவேக மின்சார ஸ்கூட்டர்கள். மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவு, வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவு என்றால் அது மோட்டார் வாகனமே இல்லை என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. உரிமம் வேண்டாம், பதிவெண் வேண்டாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதை வாங்கிக் கொடுப்பது இதனால்தான். சிக்கல், வேகக் கட்டுப்பாட்டை யாராவது அவிழ்த்துவிடும்போது வருகிறது. 40இல் ஓடத் தொடங்கிய கணத்தில் அது முழு மோட்டார் வாகனம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் மோட்டார் வாகனக் குற்றம் செய்தால் பாதுகாவலருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. விற்பவர் இதைச் சொல்லப் போவதில்லை.

ட்ரோன்: எடையா, கீழே நிற்கும் ஆளா?

இங்கே நிலைமை தலைகீழ்: பைக்கில் எடையைக் கண்டுகொள்ளாத நம் சட்டம் ட்ரோனில் எடையைத்தான் பார்க்கிறது. 2021ஆம் ஆண்டின் இந்திய ட்ரோன் விதிகள் படிக்க எளிமையானவை. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை ஸ்மால். 150 வரை மீடியம். அதற்கும் மேல் லார்ஜ். ஏற்றிய சுமையையும் சேர்த்துத்தான் எடை. நானோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட்டாலும் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் வேண்டும். சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் பயிற்சி, வயது 18 முதல் 65 வரை. (அறுபத்தாறு வயதில் புல்லட் ஓட்டப் புதிதாக உரிமம் எடுக்கலாம், ட்ரோனுக்குச் சான்றிதழ் எடுக்க முடியாது. காரணம் எனக்குப் புலப்படவில்லை.)

இடத்துக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டாம்; விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான வளையத்தில் மட்டும் அது 200 அடி. மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி. விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம்.

ஐரோப்பாவில் 2020இன் கடைசி நாள் முதல் அமலில் இருக்கும் விதி எடையையும் பார்க்கிறது, ஆனால் அதன் கண் கீழே நிற்கும் ஆளின் மேல்தான். 25 கிலோவுக்குக் குறைந்த ட்ரோன், கண்ணுக்கு எட்டும் தூரம், 120 மீட்டர் உயரம் என்றால் 'திறந்த' பிரிவு. அதற்குள் ஏ1: சம்பந்தமில்லாத ஒருவரின் தலைக்கு மேல் 250 கிராமுக்குக் குறைந்தது போகலாம், 900 கிராம் வரையானது வேண்டுமென்றே போகக் கூடாது, கூட்டத்தின் மேல் எதுவுமே போகக் கூடாது. ஏ2: 4 கிலோ வரை, ஆட்களிடமிருந்து 30 மீட்டர் விலகல், மெதுவேக முறையைப் போட்டால் 5 மீட்டர் வரை நெருங்கலாம். ஏ3: குடியிருப்பு, கடைவீதி, தொழிற்பேட்டையிலிருந்து 150 மீட்டர் தள்ளி, ஆளில்லாத வெளி.

தேர்வும் அதற்கேற்ற அளவில்தான். ஏ1, ஏ3 இரண்டுக்கும் சேர்த்து இணையத்தில் 40 கேள்வி, 75 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. ஏ2வுக்கு நீங்களே பறக்கவிட்டுப் பழகியதாக உறுதிமொழி, கூடுதலாக 30 கேள்வி. காசுக்கா, பொழுதுபோக்குக்கா என்ற கேள்வியே எங்கும் இல்லை.

இந்த இடத்தில் ஐரோப்பா பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். ஒரு கிலோ ட்ரோன் தலையில் விழுந்தால், அதை விட்டவர் கூலிக்கு விட்டாரா ஆசைக்கு விட்டாரா என்று மண்டைக்குத் தெரியாது. திருமணப் படப்பிடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம் விதிப்படி, 900 கிராம் ட்ரோனோடு வந்த புகைப்படக் கலைஞருக்குச் சான்றிதழ் வேண்டும்; அதே மாதிரி ட்ரோனை முதல்முறையாகப் பெட்டியிலிருந்து எடுத்துப் பறக்கவிடும் மணமகனின் தம்பிக்கு வேண்டாம். ஐரோப்பிய விதிக்கு இருவரும் ஒன்று. அது கேட்பது வேறு: கீழே நிற்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று விளக்கினீர்களா? விளக்கிச் சம்மதம் பெற்றிருந்தால் மணமக்கள் 'சம்பந்தப்பட்டவர்கள்'. பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவரும், வழியே போகிறவரும் அப்படி இல்லை.

ஆனால் எளிமை நம் பக்கம் என்பதை மறைக்க முடியாது. எடைத் தராசு ஒன்று போதும், எந்த வகை என்று சொல்லிவிடலாம். ஐரோப்பாவில் ட்ரோனின் மேல் ஒட்டிய வகுப்பு முத்திரை, பிரிவு, தூரம், சான்றிதழ் என்று நான்கையும் கோத்துப் பார்க்க வேண்டும். 250 கிராமுக்குக் கீழே என்றாலும், கேமரா இருந்து அது பொம்மையாக இல்லாவிட்டால் இயக்குபவர் பதிவு செய்தாக வேண்டும். அந்தரங்கம் பற்றிய அக்கறை புரிகிறது. ஆனால் கேமரா இல்லாத ட்ரோனை இன்று யார் வாங்குகிறார்கள்?

250 கிராம் கோட்டைக் கம்பெனிகள் எப்படிப் படித்தன என்பதற்குச் சீன ட்ரோன் கம்பெனியான டிஜேஐயின் மேவிக் மினி போதும். 2019இல் வந்தது, எடை 249 கிராம். ஜப்பானில் அப்போது எல்லை 200 கிராம். அங்கே விற்றது 199 கிராம். பேட்டரியைச் சிறிதாக்கி, 30 நிமிடம் பறப்பதை 18 நிமிடமாகக் குறைத்தார்கள். பிறகு 2022இல் ஜப்பான் தன் எல்லையை 100 கிராமுக்கு இறக்கிவிட்டது.

அயல்நாட்டு ட்ரோன்களின் இறக்குமதியை இந்தியா 2022 பிப்ரவரியில் தடை செய்துவிட்டதால், இங்கே கைமாறும் சின்ன ட்ரோன்களில் பழையவை நிறைய. வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். கையில் பிடித்து என்ன பேட்டரி மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். டிஜேஐ மினி 3 ப்ரோ வழக்கமான பேட்டரியோடு 249 கிராமுக்குள் அடங்கும். 'பிளஸ்' பேட்டரியைச் சொருகினால் 290 கிராமை நெருங்கும். அந்தப் பேட்டரியை மாற்றும் அரை நிமிடத்தில் நானோ மைக்ரோவாகிவிடுகிறது. நானோவுக்குத் தேவைப்படாத மூன்றாம் நபர் காப்பீடு அப்போது தேவைப்படும். படப்பிடிப்புக்குக் காசு வாங்கியிருந்தால் சான்றிதழும்.