பில்லில் புது ஃபில்டர், வண்டியில் சித்திரை மாத வேப்பம்பூ

கோயமுத்தூரில் கார் வைத்திருப்பவர்கள், முக்கியமாக ஷோரூம் சர்வீஸை நம்பிக் காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். போன ஆவணியில் எனக்கு நடந்தது இது. சர்வீஸ் சென்டரின் பெயரை எழுதவில்லை. அந்த ஒரு இடத்தை மட்டும் தவிர்த்தால் போதும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

என்னுடையது சின்ன பெட்ரோல் கார். வாங்கி நாலு வருடம் முடிந்து 38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. வாரண்டி முடிந்த பிறகும் கம்பெனி சர்வீஸிலேயேதான் விட்டுக்கொண்டிருந்தேன். ரெக்கார்டு ஒழுங்காக இருந்தால் விற்கும்போது நல்ல விலை கிடைக்கும் என்பார்கள், அதுதான் காரணம். இந்த முறை வழக்கமான சர்வீஸோடு இரண்டு வேலைகளைத் தனியாகச் சொல்லி எழுத வைத்தேன். ஏசி போட்டால் ஈரச்சாக்கு நாற்றம் அடித்தது, அது ஒன்று. பிரேக் ஆயில் மாற்ற வேண்டும், அது இரண்டு.

பிரேக் ஆயிலுக்கு அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பத்து நாளில் குன்னூரில் தங்கைக்கு வளைகாப்பு. அம்மாவையும் பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாகப் போய்வர வேண்டும். ஏறுவது பெரிய விஷயம் இல்லை, பர்லியார் பக்கம் இறங்குவதுதான் விஷயம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. அதனால்தான் பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230 டிகிரி 155 ஆகும். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, பழைய ஆயில் உள்ளேயே கொதித்து ஆவிக்குமிழ் கட்டும். அப்புறம் பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இதையெல்லாம் தெரிந்துதான் கேட்டேன். வண்டியை வாங்கி வேலைகளை எழுதிக்கொள்கிற சர்வீஸ் அட்வைசரிடம் மலைக்குப் போகிற விஷயத்தையும் சொன்னேன்.

"எல்லாம் பக்காவா பண்ணிரலாங்க மேடம்" என்று ஜாப் கார்டில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கிற தாளில், எழுதினார். எஸ்டிமேட் 8,400 ரூபாய்.

பதினொன்றரை மணிக்கு அட்வைசரிடமிருந்து போன். "மேடம், த்ராட்டில் பாடில கரி பிடிச்சிருக்கு, கிளீன் பண்ணணும். எஞ்சின் ரூம்ல எலி வந்த அடையாளம் தெரியுது. வயரைக் கடிச்சிருச்சுன்னா 40,000, 50,000 ஆயிரும். அம்மாவோட மலைக்குப் போறேன்னு சொன்னீங்க, அதான் சொல்றேன்." ஒரு நொடி நான் யோசித்தேன். உடனே, "வேணும்னா வீட்ல சார்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் பணத்தில் வாங்கிய வண்டிக்கு நான் யாரைக் கேட்க வேண்டும்? அந்த ரோஷத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். நான் தவறியது அங்கேதான். கவுண்டருக்கு முன்னால் நின்றிருந்தால் எதற்கு, ஏன் என்று கேட்டிருப்பேன். ஆபீஸில் நாலு பேர் முன்னால் போனை வைத்துக்கொண்டு கேட்க முடியவில்லை.

சாயங்காலம் பில் 13,002 ரூபாய். ஏசி கிருமி நீக்கம் 1,180, எஞ்சின் கோட்டிங் 1,416, த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகிற காற்றைக் கட்டுப்படுத்துகிற பாகம்) கிளீனிங் 944, எலி விரட்டி ஸ்பிரே 708, இவை போக கன்சூமபிள்ஸ், அதாவது வேலையில் செலவாகிற சில்லறைச் சாமான்கள் என்று 354. வண்டியைக் கழுவித் துடைத்து, டயருக்குப் பாலிஷ் போட்டு, ஸ்டீயரிங்குக்கு பிளாஸ்டிக் உறை மாட்டி நிறுத்தியிருந்தார்கள். "கம்பெனியில இருந்து கால் வரும், 10-க்கு 10 கொடுத்துருங்க மேடம், 9 கொடுத்தாக்கூட எங்களுக்குச் சம்பளத்துல பிடிப்பாங்க" என்றார் அட்வைசர். மறுநாள் கால் வந்ததும் 10 கொடுத்தேன்.

ஏசி நாற்றம் மட்டும் போகவில்லை. வாசனை ஸ்பிரே அடித்திருந்ததால் முதல் இரண்டு நாள் தெரியவில்லை, மூன்றாம் நாள் அதே ஈரச்சாக்கு வாடை. ஞாயிற்றுக்கிழமை நானே பார்க்கலாம் என்று குளோவ் பாக்ஸைத் திறந்தேன். என் வண்டியில் அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம். பெட்டியைக் காலி செய்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அமுக்கினால் அது தொங்கிவிடும். பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதை எடுத்தால் ஏசி ஃபில்டர்.

உருவினேன். கறுப்பாக, மடிப்புக்கு மடிப்பு தூசி அடைத்திருந்தது. அதற்குள் சருகு, செத்த கொசு, காய்ந்து பழுப்பேறிய வேப்பம்பூ ஒரு கைப்பிடி. எங்கள் வாசலில் வேப்பமரம், வண்டி அதன் நிழலில்தான் நிற்கும். கண்ணாடிக்குக் கீழே காற்று இழுக்கிற சல்லடை வழியாக பூ உள்ளே போயிருக்கிறது. அம்மா ஒரு பூவை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். "இது சித்திரையில கொட்டுன பூ. வருசப் பிறப்புப் பச்சடிக்கு அள்ளுனமே, அந்தப் பூ" என்றார்.

ஆவணியில் மாட்டியதாகப் பில் போட்ட ஃபில்டரில் சித்திரையில் உதிர்ந்த பூ. ஃபில்டர் 420 ரூபாய்தான், பணம் பெரிதில்லை. ஆனால் அந்த நிமிடம் என் நெஞ்சில் வந்தது பிரேக் ஆயில். பெட்டியைத் திறந்து நானே பார்க்கக்கூடியதையே மாற்றவில்லை என்றால், என்னால் பார்க்க முடியாததை மாற்றியிருப்பார்களா?

திங்கட்கிழமை காலையில் அப்பா காலத்திலிருந்து தெரிந்த மெக்கானிக் அண்ணாவிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்ததும் எனக்கு நிம்மதி வந்தது. பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் தெளிவாக, இளம் மஞ்சளாக இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஜாக் வைத்துத் தூக்கி, பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, "அம்மணி, இங்க வந்து குனிஞ்சு பாரு" என்றார்.

ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் பக்கத்தில் சின்ன நிப்பிள் ஒன்று உண்டு, அதன் தலையில் ரப்பர் மூடி. பழைய ஆயிலை வெளியேற்ற வேண்டுமானால் நாலு சக்கரத்திலும் அந்த மூடியை எடுத்து, ஸ்பேனர் போட்டு நிப்பிளைத் திருகியாக வேண்டும். வேறு வழி இல்லை. என் வண்டியில் அந்த மூடிமேல் செம்மண் காய்ந்து, அப்படியே அச்சாக உட்கார்ந்திருந்தது. நிப்பிளின் அறுகோண விளிம்பில் ஸ்பேனர் பட்ட ஒரு கீறல் இல்லை. துரு கலையவில்லை. "இதைக் கையிலயே தொடல. மேல டப்பாவுல இருக்கறதை மட்டும் உறிஞ்சிட்டுப் புதுசை ஊத்தியிருக்கானுக. பார்த்தா புதுசாத் தெரியும். பைப்புல இருக்கறது பூராப் பழசு" என்றார். டியூப் மாட்டித் திறந்தார். கண்ணாடி பாட்டிலில் முதலில் விழுந்தது டிகாஷன் நிறத்தில் இருந்தது. நாலு சக்கரத்துக்கும் விட்டு, தெளிந்து வருகிற வரைக்கும் நான் பெடலை மிதித்துக் கொடுத்தேன். முழுவதையும் வீடியோ எடுத்தேன்.

வீல் அலைன்மென்ட் (சக்கரங்களை நேர்படுத்துவது), பேலன்சிங் (ரிம்மில் சின்ன எடை ஒட்டிச் சமப்படுத்துவது) என்று 1,062 போட்டிருந்தார்கள். வண்டி முன்பு போலவே இடப்பக்கம் இழுத்தது. ரிம்மில் ஒட்டியிருந்த ஈயக்கட்டிகள் எல்லாம் பழைய அழுக்கோடு இருந்தன, புதிதாக ஒன்றுகூட ஒட்டவில்லை. மிஷினில் போட்டிருந்தால் முன்பு இருந்த அளவும் பின்பு வந்த அளவும் அச்சாகி ஒரு தாள் வரும், அதுவும் தரவில்லை. எஞ்சின் ஆயில் புதிது, ஆயில் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும் புதிது, அதை அண்ணாவே பார்த்துச் சொன்னார். செய்ததைச் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எலி ஸ்பிரே அடித்தார்களா, த்ராட்டில் பாடியைத் தொட்டார்களா, எனக்குத் தெரியாது, நிரூபிக்கவும் முடியாது. நிரூபிக்க முடியாத வேலைகளாகப் பார்த்துத்தான் போனில் ஒப்புதல் வாங்குகிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

என் சித்தி பையன் வேறொரு கம்பெனி ஷோரூமில் இரண்டு வருடம் அட்வைசராக இருந்தவன். அவனிடம் பில்லைக் காட்டினேன். கோட்டிங், ஸ்பிரே, கிருமி நீக்கம் இதெல்லாம் மாதாமாதம் இத்தனை விற்க வேண்டும் என்று தலைக்கு டார்கெட் உண்டாம், அதற்குத் தனி இன்சென்டிவாம். "அக்கா, வண்டியோட வர்ற புக்குல சர்வீஸ் அட்டவணை இருக்கும், அதுல இருக்கான்னு பாருங்க" என்றான். பார்த்தேன். என் கிலோமீட்டருக்கு நேராக எஞ்சின் கோட்டிங்கும் இல்லை, எலி ஸ்பிரேயும் இல்லை, த்ராட்டில் பாடி கிளீனிங்கும் இல்லை. அந்தப் பக்கத்தை நான் நாலு வருடத்தில் ஒருமுறையும் பிரித்ததில்லை. நீங்கள் இன்றைக்கே போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். அட்வைசர் அடுக்கும்போது அதைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் பாதி வேலை தானாக விழுந்துவிடும்.

ஃபில்டரை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு சர்வீஸ் மேனேஜரைப் பார்க்கப் போனேன். முதலில் "டெக்னீசியன் புதுப் பையன்" என்றார். பிறகு "டக்ட்ல இருந்த பூ புது ஃபில்டர்ல விழுந்திருக்கும்" என்றார். ஃபில்டரை மேசைமேல் வைத்தேன். நாலு நாளில் இப்படிக் கறுக்குமா என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. "நீங்களே 10-க்கு 10 கொடுத்திருக்கீங்களே மேடம்" என்று கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். பிரேக் வீடியோவைப் போட்டேன். அடுத்த சர்வீஸில் தள்ளுபடி தருகிறேன், இப்போது இலவசமாகக் கழுவித் தருகிறேன் என்றார். இந்த பிரேக்கை நம்பித்தான் என் அம்மாவையும் பெரியம்மாவையும் மலையிலிருந்து இறக்கியிருப்பேன் என்று சொன்னேன். குரல் உடைந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அன்றைக்கே கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு பில், ஜாப் கார்டு, போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து மெயில் போட்டேன். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதிந்தேன். அது கோர்ட் இல்லை, நம் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஆனால் புகார் எண் ஒன்று கையில் வந்ததும் எதிர்ப்பக்கம் பேசுகிற தொனி மாறியது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கும் காகிதமெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

நடுவில் வளைகாப்புக்குப் போய்வந்தோம். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வந்தேன், ஒவ்வொரு வளைவிலும் பெடலின் கெட்டித்தன்மையைக் கால் தேடிக்கொண்டே இருந்தது. பின்சீட்டில் பெரியம்மா தூங்கிக்கொண்டு வந்தார்.

பதினோராம் நாள் 6,710 ரூபாய் திரும்பி வந்தது. செய்யாத வேலைகளுக்கு 2,462, நான் கேட்காமல் தலையில் கட்டியவற்றுக்கு 4,248. "பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்தது" என்று அவர்களே ஒரு கடிதம் அடித்து வைத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். அதில் போடவில்லை. "பில்லில் காட்டிய பிரேக் ஆயில், ஏசி ஃபில்டர், வீல் அலைன்மென்ட் வேலைகள் செய்யப்படவில்லை, அதற்கான பணம் திருப்பித் தரப்பட்டது" என்று என் கையால் எழுதி, அதில்தான் போட்டேன். ஒரு பிரதியில் அவர்கள் சீல் வாங்கிக்கொண்டேன். அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் கொடுத்தார்கள்.

இனி சர்வீஸுக்கு விடும்போது என்ன செய்வேன் என்று கேட்பவர்களுக்கு: மாற்றப்போகிற ஃபில்டரின் ஓரத்தில் முதல் நாளே மார்க்கரில் ஒரு கோடு போட்டுவிடுவேன். கழற்றிய பழைய சாமான்கள் எல்லாம் எனக்கு வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுத வைப்பேன். பிரேக் வேலை என்றால் லீவு போட்டுவிட்டுக் கூட நிற்பேன். உள்ளே விட முடியாது என்றால், நிப்பிள் திறக்கிற வீடியோ நாலு சக்கரத்துக்கும் கேட்பேன், அதற்கும் முடியாது என்றால் அந்த வேலையை அங்கே கொடுக்க மாட்டேன். போனில் எதற்கும் சரி சொல்ல மாட்டேன். எவ்வளவு, எதற்கு என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்வேன். 10 மதிப்பெண் கேட்டு கால் வந்தால், ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன் என்பேன்.

சமீபத்தில் நீங்களும் சர்வீஸ் விட்டிருந்தால், பில்லில் ஏசி ஃபில்டர் என்று போட்டிருந்தால், இன்று இரவே குளோவ் பாக்ஸைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகாது. அது பழசாக இருந்தால் மலைப்பக்கம் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பிரேக் நிப்பிளையும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.