ஆர்1155 ரிசீவருக்கு மெயின்ஸ் பவர் பேக் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்டர் விமானங்களில் டி1154 டிரான்ஸ்மிட்டரோடு ஜோடியாக இருந்த ரிசீவர் ஆர்1155. அதை வீட்டு மின்சாரத்தில் ஓட்டுவதற்கான பவர் பேக் ஒன்று பிரிட்டனில் “முழு சர்வீஸ் முடிந்தது, ரிசீவரோடு சோதித்தது” என்ற விளம்பரத்தை நம்பி வாங்கப்பட்டது. அடித்தகட்டைக் கழற்றியதுமே அந்த விளம்பரம் பொய் என்று தெரிந்தது.

முதல் தவறுதான் மிகப் பெரியது. எச்.டி. (ஹை டென்ஷன், அதாவது ரிசீவருக்கான உயர் வோல்ட் டி.சி.) நெகட்டிவை சேசிஸோடு, அதாவது பெட்டியின் உலோகச் சட்டத்தோடு, சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். சாதாரண ரேடியோவில் அது வழக்கம்தான். ஆனால் ஆர்1155-இல் எச்.டி. நெகட்டிவுக்கும் சேசிஸுக்கும் நடுவே ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. மொத்த மின்னோட்டமும் அவற்றின் வழியே திரும்புவதால், நெகட்டிவ் முனை சேசிஸைவிடச் சில பத்து வோல்ட் கீழே நிற்கும். வால்வுகளின் (வெற்றிடக் குழாய்களின்) மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் பயாஸ் என்ற நெகட்டிவ் வோல்ட் அங்கிருந்துதான் கிடைக்கிறது. பவர் பேக்கில் இரண்டையும் இணைத்துவிட்டால் அந்த ரெசிஸ்டர்கள் ஷார்ட் ஆகி பயாஸ் போய்விடும். வால்வுகள் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்து ஆயுளை இழக்கும். ஆனாலும் ரிசீவரில் ஏதோ சத்தம் வரும். “ஓடுகிறதே” என்று விற்பவர் சொல்லித் தப்பிக்க அந்தச் சத்தம் போதும்.

பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர்களின் சார்ஜை இறக்கிய பிறகு, ரிசீவருக்குப் போகும் எச்.டி. நெகட்டிவ் கம்பிக்கும் பேக்கின் சேசிஸுக்கும் இடையே ஓம் அளவெடுங்கள். பூஜ்ஜியம் காட்டினால் அந்தப் பேக்கை இணைக்கவே வேண்டாம். ஈய இணைப்பை மட்டும் எடுத்தால் போதாது. எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் அலுமினிய உறையே பெரும்பாலும் நெகட்டிவ் முனை. அது கிளாம்ப் வழியாக சேசிஸைத் தொட்டுக்கொண்டிருக்கும். உறைக்கும் கிளாம்புக்கும் இடையே இன்சுலேஷன் போட வேண்டும்.

அடுத்தது அப்பட்டமான ஏமாற்று. மேலே ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் 5ஒய்3 ரெக்டிஃபையர் வால்வு அழகாக ஒளிர்கிறது. சாக்கெட்டின் அடியிலோ அதன் வேலையைச் செய்யும் இரண்டு சிலிக்கான் டையோடுகள்! 250-0-250 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் இது சுமையில்லாமல் 350 வோல்ட்டுக்கு மேல் தரும். ரிசீவருக்கு வேண்டியது சுமார் 220. சுவிட்சைப் போட்டதும் ரிசீவர் வால்வுகள் சூடேறும் வரை முழு உச்ச வோல்ட்டும் பழைய பேப்பர் கெபாசிட்டர்கள் மேல் விழும். டையோடுகளை எடுத்துவிட்டு வால்வையே வேலை செய்ய விடுங்கள். முதல் ஃபில்டர் கெபாசிட்டர் 20 மைக்ரோஃபேரடைத் தாண்டக் கூடாது. எல்லாமே 450 வோல்ட் தரத்தில் இருக்கட்டும். மிஞ்சும் வோல்ட்டைச் சுமையோடு அளந்து ரெசிஸ்டரால் குறையுங்கள். 80 மில்லி ஆம்பியரில் 80 வோல்ட் குறைய வேண்டுமானால் 1 கிலோ ஓம். அதில் 6.4 வாட் வெப்பம் வரும் என்பதால் 15 வாட் வயர்வவுண்ட் (கம்பி சுற்றிய) ரெசிஸ்டர் போடுவது நல்லது. அணைத்த பிறகு கெபாசிட்டர்களின் சார்ஜை இறக்க, எச்.டி.க்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் பிளீடர் ரெசிஸ்டர் அவசியம். இந்தப் பெட்டியில் அது இல்லவே இல்லை.

டிரான்ஸ்ஃபார்மரின் டேப் (வீட்டு வோல்ட்டுக்கு ஏற்ப மாற்றும் இணைப்பு) 200 வோல்ட்டில் இருந்தது. பிரிட்டனில் பெயரளவுக்கு 230 என்றாலும் பல வீடுகளில் 240 வருகிறது. அந்தக் கணக்கில் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7.5 போகும்.

மெயின்ஸ் பக்கம் உயிராபத்து. சிவப்பும் கறுப்பும் மட்டுமுள்ள பழைய இரட்டைக் கம்பி, எர்த் இல்லை. பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ். லைனிலிருந்து சேசிஸுக்கு ஒரு பழைய மெழுகுக் கெபாசிட்டர். அது கசிந்தால் தொடும் உலோகமெல்லாம் ஷாக் அடிக்கும். அதை வெட்டி எறியுங்கள். மூன்று கம்பி கார்டு, 3 ஆம்பியர் ஃபியூஸ், சேசிஸில் தனி போல்ட்டில் எர்த் என்று மாற்றுங்கள். எர்த் சேசிஸுக்குத்தான், எச்.டி. நெகட்டிவுக்கு அல்ல. பிறகு பிளக்கைப் பிடுங்கி, 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) டிரான்ஸ்ஃபார்மரின் மெயின்ஸ் பக்கச் சுருளான பிரைமரிக்கும் சேசிஸுக்கும் இடையே பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே என்றால் டிரான்ஸ்ஃபார்மரை நம்ப முடியாது. முதல் முறை 60 வாட் இழை பல்பைத் தொடரில் போட்டு ஏற்றுங்கள்.

புகாருக்கு வந்த பதில்: “பழைய பொருள், பார்த்து வாங்க வேண்டியது உங்கள் பொறுப்பு.” இதைக் கேட்டு ஒதுங்கிவிடாதீர்கள். வியாபாரியிடம் இணையத்தில் வாங்கியிருந்தால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். பழுதான பொருளை 30 நாளுக்குள் நிராகரித்துப் பணத்தைத் திரும்பக் கேட்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. தனிநபர் விற்றாலும் பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இருந்தாக வேண்டும். ஆகவே விளம்பரப் பக்கத்தை அன்றே படமெடுத்து வையுங்கள். எதையும் பற்றவைப்பதற்கு முன் அடிப்பக்கத்தையும் படமெடுங்கள், ஏனென்றால் கைவைத்த பெட்டி என்றால் விற்றவர் தகராறு செய்வார். பணம் கட்டும் முன்பே அடிப்பக்கப் படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.