கிட்-பில்ட்பேக்கேஜ்: கிளைப்பெயரில் மட்டும் ஒரு குறை

டெபியன் லினக்ஸின் மென்பொருள் பொதிகளை, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் களஞ்சியத்தில் வைத்துப் பராமரிக்க உதவும் கிட்-பில்ட்பேக்கேஜை, சிங்கப்பூர் ஒன்-நார்த்தில் உள்ள எங்கள் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். புதிய மூல வெளியீட்டை உள்ளே கொண்டுவருவது, சேஞ்ச்லாக் எனும் மாற்றப் பட்டியலை எழுதுவது, பொதியைக் கட்டுவது எல்லாமே ‘ஜிபிபி’ என்ற ஒரே கட்டளைக்குள் அடங்கிவிடுவதால், இதை விட்டு வேறொன்றுக்கு மாறும் எண்ணம் எனக்கு இல்லை.

குறை கிளைப்பெயரில்தான் இருக்கிறது. நான் பயன்படுத்தும் பதிப்பில் மூல நிரலின் கிளை (அதன் மாற்றங்கள் தனியே தொடரும் வரிசை) ‘அப்ஸ்ட்ரீம்’ என்றே இயல்பாக அமைந்திருக்கிறது. சென்ற மாதம் எங்கள் குழுவில் யாரோ அதே பெயரில் ஒரு டேக்கையும் (நிரலின் ஒரு குறிப்பிட்ட நிலையைச் சுட்டும் நிலையான அடையாளம்) போட்டுவிட்டார்கள். “அண்ணே, அப்ஸ்ட்ரீமைச் செக்கவுட் செய்து திறந்தால் புதிய நிரல் வருகிறது, அதே பெயரைக் கொடுத்து லாக் பார்த்தால் பழைய வரலாறுதான் தெரிகிறது” என்று இளைய சகா வந்து நின்றபோது எனக்கும் உடனே பிடிபடவில்லை. சுருக்கப்பெயரைக் கொடுத்தால் கிட் முதலில் டேக்குகளிலும் அதன் பிறகே கிளைகளிலும் தேடுகிறது. செக்கவுட் மட்டும் கிளைக்கு முன்னுரிமை தருகிறது. பெயர் தெளிவாக இல்லை என்று கிட் ஒரு வரியில் எச்சரித்திருந்தது. பொதி கட்டும்போது திரையில் ஓடிய நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே அதை நாங்கள் தவறவிட்டோம்.

‘கிட் ஷோ-ரெஃப் அப்ஸ்ட்ரீம்’ என்று கேட்டதும், ‘ரெஃப்ஸ்/ஹெட்ஸ்’ (கிளை) என்றும் ‘ரெஃப்ஸ்/டேக்ஸ்’ (டேக்) என்றும் தொடங்கும் இரு பெயர்கள் அடுத்தடுத்து வந்து நின்றன. டேக்கை நீக்கினோம், சர்வரில் நீக்கும்போது ‘ரெஃப்ஸ்/டேக்ஸ்/அப்ஸ்ட்ரீம்’ என்று முழுப்பெயரைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எதை நீக்குவது என்று தெரியாமல் கிட் மறுத்துவிடும்.

டேக் இல்லாமலும் இச்சிக்கல் வரலாம். மூலக் களஞ்சியத்தை ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற ரிமோட்டாக, அதாவது தொலைக் களஞ்சியமாக, சேர்ப்பது பலரின் வழக்கம். 2025 ஜனவரியில் வந்த கிட் 2.48 முதல், ஃபெட்ச் செய்து மாற்றங்களைப் பெறும்போதே அந்த ரிமோட்டின் ஹெட்டும் (அதன் இயல்பான கிளையைச் சுட்டும் குறிப்பு) அமைந்துவிடுவதால், அதுவும் அப்பெயருக்குப் பொருந்திவிடுகிறது.

ஆகவே பொதிகளின் கிட் களஞ்சிய அமைப்புக்கான டெபியன் பரிந்துரையான டெப்-14 சொல்லும் ‘அப்ஸ்ட்ரீம்/லேட்டஸ்ட்’, ‘டெபியன்/லேட்டஸ்ட்’ என்ற பெயர்களை டெபியன் அடைவிலுள்ள ஜிபிபி.கான்ஃப் எனும் அமைப்புக் கோப்பில் முதல் நாளே எழுதிவிடுங்கள். பழைய ‘அப்ஸ்ட்ரீம்’ கிளை இருக்கும்வரை ‘அப்ஸ்ட்ரீம்/லேட்டஸ்ட்’ கிளையைப் புதிதாக உருவாக்க முடியாது என்பதால், பழையதையே ‘கிட் பிராஞ்ச் -எம்’ கொண்டு பெயர் மாற்றிவிடுவதே எளிது.