ஒரே அட்டைக்குள் இரண்டு நல்லவர்கள்

ஹார்வர்டு கிளாசிக்ஸ் என்ற பழம்பெரும் நூல் வரிசையின் முதல் தொகுதி, பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. முதுகு பிய்ந்திருந்தது, சரி, தாள்கள் எல்லாம் இருந்தன.

முதலில் பெஞ்சமின் ஃபிராங்ளினின் சுயசரிதை. அதில் அவர் 13 நற்குணங்களுக்கு ஒரு குட்டி நோட்டுப் போட்டு, தவறும்போதெல்லாம் கரும்புள்ளி வைக்கிறார். ஒழுங்குதான் அவரை ரொம்பப் படுத்தியதாம். என் மேஜையைப் பார்த்தால் அவர் எவ்வளவோ தேவலை.

அப்புறம் ஜான் வுல்மனின் நாட்குறிப்பு. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், தையல்காரர். முதலாளி சொன்னாரென்று ஓர் அடிமைப் பெண்ணை விற்கக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அந்த உறுத்தல் ஆளை விடவே இல்லை. பிறகு இன்னொருவர் கேட்டபோது மறுக்கிறார். கடையில் வியாபாரம் பெருகியதும், மனதுக்குப் பாரமென்று அதையும் விடுகிறார். ஃபிராங்ளின் இதற்கு எந்தக் கட்டத்தில் புள்ளி வைத்திருப்பாரோ! எனக்கு வுல்மன்தான் பிடித்தார்.

கடைசியில், பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் பொன்மொழிகளும் உண்டு. பத்துப் பக்கத்தில் மூடிவிட்டேன்.